மோட்டாரைக் கழற்றுவதற்கு முன்: பைக் பட்டறைத் தம்பி, தங்கைகளுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

தூத்துக்குடியில் வண்டி எலெக்ட்ரிக்கல் வேலை பார்க்கிறவன் எழுதுகிறேன். உங்களில் சிலர் ஐடிஐ முடித்துவிட்டு வந்திருப்பீர்கள். சிலர் பள்ளிக்கூடத்தை விட்டதும் நேராகப் பட்டறைக்கு வந்து, ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கிற வேலையில் தொடங்கியிருப்பீர்கள். எப்படி வந்திருந்தாலும் இந்தக் குறையோடு ஒரு வண்டி உங்கள் வாசலுக்கு வராமல் இருக்காது: பட்டனை அழுத்தினால் செல்ஃப் எடுக்கவில்லை.

இந்த ஒரு குறையைப் பற்றி மட்டும் எழுத வேண்டும் என்று நெடுநாளாக நினைத்திருந்தேன். புது செல்ஃப் மோட்டார் போட்ட பிறகும் சுற்றாத வண்டிகள் என்னிடம் வந்துகொண்டே இருக்கின்றன. அந்தப் புது மோட்டாரைக் கழற்றி, மேசையில் வைத்து, நேராக பேட்டரி கொடுத்தால் சுற்றுகிறது. வண்டிக்காரர் ஒரு பாலித்தீன் பையில் சுற்றி வைத்திருக்கும் பழைய மோட்டாருக்குக் கொடுத்துப் பார்த்தால் அதுவும் சுற்றுகிறது. இரண்டும் சுற்றுகிற நிலையில் அவர் எதற்குப் பணம் கொடுத்தார் என்ற கேள்விக்கு அங்கே யாரிடமும் பதில் இல்லை. மாதச் சம்பளத்தில் ஒரு பகுதி போயிருக்கும். வண்டி அப்படியேதான் நிற்கிறது.

செல்ஃப் எடுக்காத வண்டியில் மோட்டாரைக் கடைசியாகத்தான் சந்தேகப்பட வேண்டும். நான் சொல்ல வந்தது இதுதான். மற்றவையெல்லாம் ஏன், எப்படி என்கிற விவரம்.

முன்பெல்லாம் செல்ஃப் எடுக்காவிட்டால் யாரும் பெரிதாக அலட்டிக்கொள்ள மாட்டார்கள். கிக்கரை இரண்டு உதை உதைத்தால் வண்டி கிளம்பிவிடும். செல்ஃபை அடுத்த சர்வீஸில் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிடுவார்கள். இப்போது பல வண்டிகளில் கிக்கரே கிடையாது. 2020 ஏப்ரலில் பிஎஸ்-6 விதி வந்த பிறகு கார்புரேட்டரும் ஏறக்குறைய ஒழிந்து, எல்லாம் ஃபியூயல் இன்ஜெக்‌ஷன் ஆகிவிட்டது. பேட்டரி அடியோடு இறங்கிவிட்டால் பெட்ரோல் பம்பும் ஓடாது, இசியூவும் விழிக்காது. அந்த வண்டியைத் தள்ளிக் கிளப்பவும் முடியாது. ராத்திரி ஷிஃப்ட் முடிந்து வரும் நர்ஸ், விடியற்காலையில் ஏலத்துக்குப் போகும் மீன் வியாபாரி என்று எல்லோரும் அந்த ஒரு பட்டனை நம்பித்தான் வீட்டை விட்டுக் கிளம்புகிறார்கள். ஆகவே இந்த வேலையைச் சரியாகச் செய்ய வேண்டிய பொறுப்பு நமக்கு முன்பைவிடக் கூடியிருக்கிறது.

கொஞ்சம் பழைய கதை சொல்கிறேன், வேலைக்கு உதவும். எஞ்சினை மின்மோட்டாரால் சுற்றிக் கிளப்பும் முறையை நடைமுறைக்குக் கொண்டுவந்தவர் அமெரிக்காவைச் சேர்ந்த சார்லஸ் கெட்டரிங். 1912ஆம் ஆண்டு மாடல் காடிலாக் கார்களில் அது வந்தது. அதற்கு முன் அவர் நேஷனல் கேஷ் ரெஜிஸ்டர் நிறுவனத்தில், கடைகளின் பணப்பெட்டியை மின்சாரத்தில் இயக்கச் சின்ன மோட்டார் அமைத்தவர். எஞ்சினைச் சுற்றுவது சில விநாடி வேலைதான், அந்தச் சில விநாடிக்கு ஒரு சின்ன மோட்டாரை அதன் சக்திக்கு மீறி வேலை வாங்கலாம் என்பது அவர் போட்ட கணக்கு. இன்று நம் கையில் இருக்கும் செல்ஃப் மோட்டாரும் அதே கணக்கில் செய்ததுதான். அதனால்தான் ஐந்து விநாடிக்கு மேல் பட்டனை அழுத்திப் பிடிக்காதே, நடுவில் இடைவெளி கொடு என்று கம்பெனி புத்தகத்தில் போட்டிருக்கிறார்கள். மோட்டார் சைக்கிளுக்கும் இந்த வசதி சீக்கிரமே வந்தது. 1914இல் அமெரிக்காவின் இந்தியன் கம்பெனி செல்ஃப் வைத்த மோட்டார் சைக்கிளை விற்றுப் பார்த்தது. அந்தக் காலத்து பேட்டரி தாங்கவில்லை, சீக்கிரமே கைவிட்டார்கள். நூறு வருஷத்துக்கு மேல் ஆகியும் செல்ஃப் எடுக்காத வண்டியில் முதலில் பார்க்க வேண்டியது பேட்டரியாகவே இருக்கிறது.

வண்டி வந்ததும் ஸ்பேனரை எடுக்காதீர்கள். பட்டனை நீங்களே அழுத்தி, என்ன சத்தம் வருகிறது என்று காது கொடுத்துக் கேளுங்கள். ஒரே ஒரு ‘டிக்’ வரலாம். ‘டக டக டக’ என்று ரிலே துடிக்கலாம். எந்தச் சத்தமும் இல்லாமலும் போகலாம். சில வண்டியில் மோட்டார் ‘விர்ர்’ என்று சுற்றும், எஞ்சின் மட்டும் அசையாது. அது ஒன்-வே கிளட்ச் வேலை, இந்தக் கடிதத்தில் வராது. மற்ற மூன்றும் மூன்று வெவ்வேறு இடங்களைக் காட்டுகின்றன.

ஹெட்லைட் மங்குகிறதா என்று பார்ப்பது பெரியவர்கள் சொல்லிக்கொடுத்த வழி. 2017 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டிகளில் ஹெட்லைட் எப்போதும் எரிகிற மாதிரி செய்துவிட்டார்கள். ஆனால் பல வண்டிகளில் எஞ்சின் ஓடத் தொடங்கிய பிறகுதான் அது எரியும். அதனால் ஹாரனையும் பிரேக் லைட்டையும் பாருங்கள். பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பட்டனை அழுத்தினால் பின்விளக்கு அணைகிற அளவுக்கு மங்குகிறதா, கொஞ்சம் மங்குகிறதா, அசையவே இல்லையா என்று தெரியும். மீட்டர் கையில் இல்லாமல் ரோட்டோரத்தில் நிற்கும்போது இது உதவும்.

பட்டறையில் நிற்கும்போது மீட்டர் இல்லை என்று சொல்லாதீர்கள். சில நூறு ரூபாய்க்கு டிஜிட்டல் மீட்டர் கிடைக்கிறது. அதை 20 வோல்ட் டிசியில் வையுங்கள். முள்ளை பேட்டரியின் ஈயக் கம்பத்திலேயே வைக்க வேண்டும். போல்ட்டிலோ வயர் தலையிலோ வைக்கக் கூடாது. சும்மா நிற்கும்போது 12.6 அல்லது அதற்கு மேல் காட்டினால் பேட்டரியில் சார்ஜ் நிறைந்திருக்கிறது. 12.2 என்றால் பாதி. 12க்குக் கீழே இருந்தால் வேறு எதையும் பார்க்காமல் முதலில் சார்ஜ் போடுங்கள்.

பெரும்பாலானோர் இங்கேயே நிறுத்திவிடுகிறார்கள். “பேட்டரி 12.6 இருக்கு, அதனால மோட்டார்தான்” என்று முடிவுக்கு வந்துவிடுகிறார்கள். சும்மா நிற்கிற பேட்டரி காட்டும் எண் பாதி உண்மைதான். மீட்டர் முள்ளை எடுக்காமல், அப்படியே வைத்துக்கொண்டு பட்டனை அழுத்துங்கள். மீதி உண்மை அப்போது தெரியும்.

வோல்ட் 7, 5 என்று சரிந்து ரிலே துடித்தால் பேட்டரிக்குள் சத்து இல்லை. சும்மா இருக்கும்போது 12.6 காட்டிய பேட்டரியும் இப்படிச் சரியும். நல்ல பேட்டரி ஒன்றை மாட்டிப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள். சிறிய வண்டிகளில் இருப்பது 3, 4 ஆம்பியர் அவர் பேட்டரி. அது தளர்ந்துவிட்டால் செல்ஃப் மோட்டார் இழுக்கும் கரன்ட்டைக் கொடுக்க முடியாது.

நல்ல பேட்டரியே 9, 8 என்று இறங்குகிறது, மோட்டார் மட்டும் அசையவில்லை என்றால் கரன்ட் நிறையப் போகிறது, சுற்ற முடியாமல் ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். எஞ்சின் ஜாம் ஆகியிருக்கலாம், மோட்டார் உள்ளே பிடித்திருக்கலாம், ஆர்மேச்சர் ஷார்ட் ஆகியிருக்கலாம். சுற்றாமல் நிற்கிற மோட்டார்தான் அதிகக் கரன்ட் இழுக்கும். சுற்றத் தொடங்கியதும் அதற்குள்ளேயே எதிர் வோல்டேஜ் பிறந்து இழுப்பு குறைந்துவிடும்.

ரிலே ‘டிக்’ என்கிறது, ஆனால் பேட்டரி 12.6இலிருந்து 12.5க்கு மட்டும் இறங்குகிறது என்றால் மோட்டாருக்குக் கரன்ட்டே போகவில்லை. பாதை எங்கோ அறுந்திருக்கிறது. அது ரிலேயாக இருக்கலாம், கேபிளாக இருக்கலாம், எர்த்தாக இருக்கலாம், மோட்டாருக்குள் தேய்ந்த கார்பனாகவும் இருக்கலாம்.

ஒரே ஒரு அளவு. வண்டியில் எதையும் கழற்றவில்லை. பேட்டரியா, ஜாமா, அறுந்த பாதையா என்று பிரித்தாகிவிட்டது. இந்த ஒன்றை மட்டும் பழக்கத்துக்குக் கொண்டுவந்தாலே வீணாகக் கழற்றுகிற வேலையில் பெரும்பகுதி மிச்சம்.

அடுத்து ரிலே. செல்ஃப் ரிலேயில் இரண்டு தடித்த போல்ட் இருக்கும். ஒன்று பேட்டரியிலிருந்து வருவது, மற்றது மோட்டாருக்குப் போவது. சிவப்பு முள்ளை பேட்டரி போல்ட்டிலும் கறுப்பு முள்ளை மோட்டார் போல்ட்டிலும் வையுங்கள். பட்டனை அழுத்துவதற்கு முன்னாலேயே மீட்டர் 12 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். ஏன் என்றால் மோட்டார் சுருளும் கார்பனும் நன்றாக இருந்தால் அவற்றின் வழியாக அந்த போல்ட் எர்த்தோடு சேர்ந்திருக்கிறது. அழுத்தாதபோதே பூஜ்யம் காட்டினால் மோட்டார் பக்கம் பாதை அறுந்திருக்கிறது: கேபிள் விட்டுப் போயிருக்கும், அல்லது கார்பன் கம்யூட்டேட்டரைத் தொடவில்லை. மோட்டாரைத் தொடாமலேயே அதன் உடம்பைப் பரிசோதிக்கும் இந்த வழியை எனக்குத் தெரிந்து பலர் செய்வதில்லை.

இப்போது பட்டனை அழுத்துங்கள். அந்த 12 வோல்ட் சட்டென்று விழுந்து 0.2, 0.3 என்ற அளவுக்குள் வர வேண்டும். ‘டிக்’ கேட்டும் 12 அப்படியே நின்றால் ரிலேக்குள் காப்பர் தட்டு கருகிவிட்டது. ரிலேயை மாற்றுங்கள், வேலை முடிந்தது. மோட்டார் விலையோடு பார்த்தால் ரிலே விலை ஒன்றுமே இல்லை.

எர்த் விஷயத்துக்கு வருகிறேன். எங்கள் ஊரில் இதுதான் பெரிய வில்லன். ஒரு பக்கம் கடல், இன்னொரு பக்கம் உப்பளம். காற்றிலேயே உப்பு. திரேஸ்புரத்திலிருந்து மீன் எடுத்துப் போகும் ஒருவர் வண்டியைத் தள்ளிக்கொண்டு வந்தார். “மோட்டார் போயிட்டுன்னு சொல்லுதாவ அண்ணாச்சி. புதுசு போட்டும் எடுக்க மாட்டேங்கு” என்றார். பின்னால் மீன் பெட்டி. ஐஸ் உருகி, உப்புத் தண்ணீர் வருஷக்கணக்காக வண்டிமேல் வடிந்திருக்கிறது. பேட்டரியில் முள்ளை வைத்து பட்டனை அழுத்தினால் 12க்குக் கொஞ்சம் கீழேதான் இறங்கியது. ரிலே இரண்டு போல்ட்டுக்கும் நடுவே சொல்லும்படி எதுவும் இல்லை. கறுப்பு முள்ளை பேட்டரியின் நெகட்டிவ் கம்பத்திலும் சிவப்பு முள்ளை எஞ்சின் கேஸில் சுரண்டிய இடத்திலும் வைத்து அழுத்தினேன். அங்கே 0.2க்குள் இருக்க வேண்டும். மீட்டர் 6ஐத் தாண்டியது. பேட்டரி கொடுக்கிற வோல்ட்டில் பாதிக்கு மேல் எர்த் வயரிலேயே கரைகிறது.

அந்த வயரைக் கழற்றிப் பார்த்தால் வெளியே கறுப்பு உறை பளபளவென்று இருக்கிறது. தலைப்பக்கம் கொஞ்சம் உரித்தேன். உள்ளே செம்புக் கம்பிகள் பச்சைக் களிம்பு ஏறி, விரலால் தேய்த்தால் தூளாக உதிர்ந்தன. போல்ட்டுக்கு அடியில் வெள்ளையாக உப்புப் பூத்திருந்தது. புது எர்த் வயர் ஒன்றுக்குத் தலை அழுத்தி மாட்டி, கேஸில் போல்ட் உட்காரும் இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, முடுக்கியபின் மேலே கிரீஸ் தடவினேன். முதல் அழுத்திலேயே எடுத்தது. அவருடைய பழைய மோட்டாரையும் மேசையில் வைத்துச் சுற்றிக் காட்டினேன். அவர் யார்மீதும் கோபப்படவில்லை. “இத முதல்லயே பாத்திருக்கலாம்லா” என்று மட்டும் கேட்டார். அந்தக் கேள்வியைத்தான் உங்களிடம் கொண்டுவந்திருக்கிறேன்.

அந்த எர்த் வயரை ஓம்ஸில் வைத்துப் பார்த்திருந்தால் பிடிபட்டிருக்குமா என்று கேட்பீர்கள். சும்மா நிற்கும்போது அளந்தால் பெரும்பாலும் பிடிபடாது. கணக்கைப் பாருங்கள். ஒரு மோட்டார் 50 ஆம்பியர் இழுக்கிறது என்று வைப்போம். ஒரு மூட்டில் 0.05 ஓம்ஸ் தடை இருந்தால் அங்கே 2.5 வோல்ட் போய்விடும். நம்முடைய மீட்டரின் இரண்டு முள்ளையும் ஒன்றோடொன்று தொட்டாலே 0.2 ஓம்ஸ் காட்டும். அது எப்படி 0.05ஐப் பிடிக்கும்? தொடர்ச்சி பார்க்கிற ‘பீப்’ சத்தம் ஒரே ஒரு கம்பி ஒட்டிக்கொண்டிருந்தாலும் அடிக்கும். அந்த ஒரு கம்பியில் 50 ஆம்பியர் போகாது. ஆகவே லோடு ஓடுகிறபோது, பட்டனை அழுத்தியபடி, வோல்ட் எங்கே விழுகிறது என்றுதான் பார்க்க வேண்டும். பாசிட்டிவ் பக்கமும் அப்படியே: பேட்டரி பாசிட்டிவ் கம்பத்திலிருந்து மோட்டார் நட் வரைக்கும் அரை வோல்ட்டுக்கு மேல் விழக் கூடாது. அழுத்தி முடித்ததும் ஒவ்வொரு மூட்டையும் விரலால் தொட்டுப் பார்க்கலாம். சுடுகிற மூட்டுதான் குற்றவாளி.

ஃபிரேமுக்குப் புதிதாக பெயின்ட் அடித்து வந்த வண்டி என்றால் முதலில் எர்த் போல்ட்டுக்கு அடியில் பாருங்கள். பெயின்ட் மேலேயே வயரை வைத்து முடுக்கியிருப்பார்கள்.

பட்டனை அழுத்தினால் சத்தமே இல்லை என்றால் ரிலேக்குக் கட்டளையே வரவில்லை. ஃபியூஸ், கில் ஸ்விட்ச், கிளட்ச் ஸ்விட்ச், நியூட்ரல் ஸ்விட்ச், சைடு ஸ்டாண்ட் ஸ்விட்ச், கடைசியாக செல்ஃப் பட்டன். நியூட்ரல் விளக்கு எரியாத வண்டி கிளட்ச் பிடித்தால் மட்டும் எடுக்கிறது என்றால் நியூட்ரல் ஸ்விட்ச். நியூட்ரலில் எடுக்கிறது, கியரில் கிளட்ச் பிடித்தால் எடுக்கவில்லை என்றால் கிளட்ச் லீவருக்கு அடியில் இருக்கும் சின்ன ஸ்விட்ச். வண்டி கீழே விழுந்து தூக்கியதா என்று கேளுங்கள். சாய்வு சென்சார் உள்ள சில வண்டிகளில் சாவியை அணைத்து மறுபடி போட்டால்தான் எடுக்கும். ரிலேயின் இரண்டு சின்ன வயரில் ஒன்றுக்கு பாசிட்டிவும் மற்றதற்கு எர்த்தும் வருகிறதா என்று டெஸ்ட் லேம்ப் போட்டால் எந்தப் பக்கம் குறை என்று தெரிந்துவிடும். ஹோண்டாவில் மஞ்சளில் சிவப்புக் கோடு போட்டது பட்டனிலிருந்து வருவது, பச்சையில் சிவப்புக் கோடு போட்டது கிளட்ச், நியூட்ரல் வழியாக எர்த்துக்குப் போவது. பிரஷர் வாட்டரில் அடித்துக் கழுவிய அடுத்த நாள் செல்ஃப் எடுக்காத வண்டிக்கு ஹேண்டில்பார் ஸ்விட்ச்சைக் காயவைத்துத் துடைத்தாலே போதும், பல நேரம்.

ரிலேயின் இரண்டு போல்ட்டையும் ஸ்க்ரூ டிரைவரால் ஷார்ட் செய்து பார்க்கிற பழக்கம் நம் தொழிலில் பரவலாக இருக்கிறது. எனக்கு அது பிடிக்காது. மீட்டர் இருக்கும்போது அதற்குத் தேவையே இல்லை. அப்படியும் செய்தே தீர வேண்டும் என்றால் வண்டி நியூட்ரலில் இருக்கிறதா என்று பின்சக்கரத்தைக் கையால் சுற்றி உறுதி செய்யுங்கள். கிளட்ச் ஸ்விட்ச், ஸ்டாண்ட் ஸ்விட்ச் என்று கம்பெனி வைத்த பாதுகாப்பு அத்தனையையும் அந்த ஸ்க்ரூ டிரைவர் தாண்டிவிடுகிறது. கியரில் இருந்தால் வண்டி முன்னால் பாயும். பெட்ரோல் கசிகிற வண்டி பக்கத்தில் நின்றால் அந்தத் தீப்பொறி போதும்.

இவ்வளவும் பார்த்து, மோட்டார் நட் வரைக்கும் சரியான வோல்ட்டும் வருகிறது, எர்த்தும் சுத்தம், எஞ்சினும் கையால் சுற்றுகிறது, ஆனாலும் மோட்டார் அசையவில்லை என்றால் இப்போது கழற்றுங்கள். மனசாட்சியோடு கழற்றலாம்.

கழற்றும்போது ஒன்று. கேபிள் நட்டை விடும்போது அதற்கு அடியில் இருக்கும் இன்னொரு நட்டை வேறு ஸ்பேனரால் பிடித்துக்கொள்ளுங்கள். இல்லாவிட்டால் போல்ட்டே சேர்ந்து சுற்றி, உள்ளே கார்பனுக்குப் போகிற கம்பியை முறுக்கி அறுத்துவிடும். நன்றாக இருந்த மோட்டார் நம் கையால் கெடும். கவரைத் திறக்கும் முன் பாடியிலும் மூடியிலும் இருக்கிற கோட்டுக் குறியைப் பாருங்கள். இல்லையென்றால் நீங்களே கீறிக்கொள்ளுங்கள். கோடு மாறிப் பொருத்தினால் காந்தத்துக்கும் கார்பனுக்கும் உள்ள இடம் மாறி, பலம் குறையும். சில மோட்டார் எதிர்ப்பக்கம்கூடச் சுற்றும்.

உள்ளே பெரும்பாலும் கார்பன் தேய்ந்திருக்கும், அல்லது கார்பன் தூள் அடைத்து அது கூட்டுக்குள் சிக்கியிருக்கும். ஸ்க்ரூ டிரைவர் பிடியால் மோட்டாரைத் தட்டினால் ஒருமுறை எடுக்கிறது, பிறகு எடுக்கவில்லை என்று வண்டிக்காரர் சொல்லியிருந்தால் இதுதான். கார்பன் செட் மட்டும் தனியாகக் கிடைக்கிற மோட்டாருக்கு அதை மட்டும் போடுங்கள். கம்யூட்டேட்டரை மெல்லிய உப்புத்தாளால் தேய்த்து, செப்புப் பட்டைகளுக்கு நடுவே உள்ள பள்ளத்தில் அடைத்திருக்கும் தூளைச் சுரண்டி எடுங்கள். பட்டைக்கும் ஷாஃப்டுக்கும் நடுவே மீட்டர் எதுவும் காட்டக் கூடாது; காட்டினால் ஆர்மேச்சர் போய்விட்டது. உள்ளே எண்ணெய்ச் சேறாக இருந்தால் எஞ்சின் பக்கத்து சீல் போயிருக்கிறது. சீலை மாற்றாமல் கார்பனை மட்டும் மாற்றினால் சீக்கிரமே அதே வண்டி திரும்பி வரும். ஆர்மேச்சரை பெட்ரோலில் முக்கி ஊறவைக்காதீர்கள், சுருளின் மேல் உள்ள வார்னிஷ் கெடும். பாடியில் ஒட்டியிருக்கும் காந்தம் பசை விட்டு நழுவி ஆர்மேச்சரைப் பிடித்துக்கொள்வதும் உண்டு. அதற்கு மட்டும் மாற்று மோட்டார்தான் நல்லது. மேசையில் வைத்துச் சுற்றிப் பார்க்கும்போது மோட்டாரைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். அது துள்ளும்.

வெள்ளத்தில் நின்ற வண்டியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் எங்கள் மாவட்டத்தில் பெய்ததை யாரும் மறக்க மாட்டோம். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 90 சென்டிமீட்டருக்கும் மேல் மழை. அதற்கு இரண்டு வாரம் முன்னால்தான் மிக்ஜாம் புயலில் சென்னை மூழ்கியிருந்தது. தண்ணீர் வடிந்ததும் எல்லோரும் முதலில் செய்தது பட்டனை அழுத்தியதுதான். சிலிண்டருக்குள் தண்ணீர் இருந்தால் அது காற்று மாதிரி அமுங்காது. பிஸ்டன் மேலே வர முடியாமல் நிற்கும். மோட்டார் சுற்றாது, அதன் சுருள் கருகும். வலுவான மோட்டார் என்றால் கனெக்டிங் ராடையே வளைத்துவிடும். ஆகவே மூழ்கிய வண்டி என்று தெரிந்தால் சாவியைப் போடாதீர்கள். முதலில் பேட்டரி வயரைக் கழற்றுங்கள், ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள், எஞ்சின் ஆயிலைப் பாருங்கள். பால் கலந்த டீ நிறத்தில் இருந்தால் உள்ளே தண்ணீர் போயிருக்கிறது. பின்சக்கரத்தை டாப் கியரில் மெதுவாகச் சுற்றி சிலிண்டரில் இருப்பதை வெளியேற்றி, ஆயிலையும் ஏர் ஃபில்டரையும் மாற்றிய பிறகு மின்சார வேலைக்கு வாருங்கள். அந்த டிசம்பரில் அவசரப்பட்டு பட்டனை அழுத்தியதால் மட்டுமே எஞ்சின் இறங்கிய வண்டிகளைப் பார்த்தேன். அடுத்த மழைக்கு முன் உங்கள் பகுதி மக்களிடம் இதைச் சொல்லி வையுங்கள், ஒரு அட்டையில் எழுதிக் கடை வாசலில் தொங்கவிடுங்கள்.

இன்னொன்று. ஆக்டிவா 6ஜி, எஸ்பி125 போன்ற வண்டிகளில் தனியாக செல்ஃப் மோட்டாரே கிடையாது. பேட்டரியை சார்ஜ் செய்யும் மேக்னட்டே கிளப்பும்போது மோட்டாராக வேலை செய்கிறது. கார்பன் இல்லை. அங்கே ஸ்க்ரூ டிரைவர் வித்தை செல்லாது. செய்தால் கன்ட்ரோல் யூனிட் போகும். பேட்டரியும் எர்த்தும் மட்டும் நான் சொன்ன மாதிரியே பார்க்கலாம். மீதிக்கு அந்த வண்டியின் சர்வீஸ் புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டு செய்யுங்கள். இனி வரப்போகும் வண்டிகளில் இந்த வகைதான் கூடும். மீட்டர் பிடிக்கத் தெரிந்தவனுக்குத்தான் அங்கே வேலை இருக்கும்.

கடைசியாக, காசு விஷயம். மனம்விட்டுப் பேசுகிறேன். அளந்து பார்க்காமல் பாகத்தை மாற்றுகிறவர்கள் எல்லாம் ஏமாற்றுக்காரர்கள் அல்ல. வேலை தெரியாதவர்களும் அல்ல. அரை மணி நேரம் மீட்டர் வைத்துப் பார்த்து, எர்த் போல்ட்டைச் சுரண்டி முடுக்கினால் வண்டிக்காரர் என்ன தருகிறார்? “ஒரு போல்ட்டைத்தானே முடுக்கினீங்க” என்று டீக்காசு தருகிறார். மோட்டாரை மாற்றினால் கேள்வி கேட்காமல் கூலி தருகிறார், பாகத்திலும் கொஞ்சம் நிற்கிறது. வாடகையும் கரன்ட் பில்லும் கட்ட வேண்டிய பட்டறைக்காரர் எந்தப் பக்கம் சாய்வார்? ஒவ்வொருவருடைய குணத்தைக் குறை சொல்லி இது தீராது. குறையைக் கண்டுபிடிப்பதற்குக் கூலி உண்டு என்று நாம் எல்லோரும் சேர்ந்து சொல்லாதவரைக்கும் நல்ல மோட்டார்கள் காயலான் கடைக்குப் போய்க்கொண்டேதான் இருக்கும்.

என் கடையில் சோதனைக் கூலி என்று தனியாக எழுதிப் போட்டிருக்கிறேன். மோட்டார் விலையில் சிறு பங்குதான் அது. வண்டிக்காரரைப் பக்கத்தில் நிற்க வைத்து, மீட்டரில் விழும் எண்ணைக் காட்டி, பில்லில் அந்த எண்ணையே எழுதிக் கொடுக்கிறேன்: பேட்டரி நின்றபோது இவ்வளவு, அழுத்தியபோது இவ்வளவு, எர்த்தில் முன்பு இவ்வளவு, பின்பு இவ்வளவு. தொடக்கத்தில் சிலர் முணுமுணுத்தார்கள். எண்ணைக் கண்ணால் பார்த்தவர்கள் அதற்குப் பிறகு பேரம் பேசுவதில்லை. வேறு கடையில் மோட்டார் மாற்றச் சொன்னால் “இறக்கம் எவ்வளவு காட்டுது?” என்று கேட்கிற அளவுக்குச் சிலர் வந்துவிட்டார்கள்.

நீங்கள் இன்னும் முதலாளி ஆகவில்லை, விலை சொல்லும் அதிகாரம் உங்களிடம் இல்லை என்பது எனக்குத் தெரியும். ஆனால் மீட்டரைக் கையில் எடுக்கும் அதிகாரம் இருக்கிறது. நாளைக்கு வருகிற முதல் வண்டியில் தொடங்குங்கள். பட்டனை அழுத்தியபடி பேட்டரி, ரிலே, பாசிட்டிவ் பக்கம், எர்த் என்று நான்கு இடத்தில் அளந்து, அந்த நான்கு எண்ணையும் உங்கள் முதலாளியிடமும் வண்டிக்காரரிடமும் சொல்லுங்கள். அதற்குப் பிறகும் மோட்டார்தான் என்றால் தாராளமாகக் கழற்றுங்கள். நாளைக்கு உங்கள் பெயரில் கடை திறக்கும்போது விலைப் பலகையின் முதல் வரியில் சோதனைக் கூலியை எழுதுங்கள்.

அன்புடன்,
உங்கள் தொழிலைச் சேர்ந்த ஒருவன்
தூத்துக்குடி